டெல்ஃப்ட் நகரின் மேல் விழுந்த வெயில்

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் டெல்ஃப்ட். அந்தப் பெயருக்குரிய ஊர் நெதர்லாந்தில் உள்ள ஒரு கால்வாய் நகரம். 1654 ஒக்டோபர் 12 அன்று அங்கிருந்த வெடிமருந்துக் களஞ்சியம் வெடித்து, நகரின் ஒரு பகுதி தரைமட்டமானது. ஓவியர் கரெல் ஃபாப்ரிட்டியஸ் உட்படப் பலர் இறந்தனர். எக்பெர்ட் வான் டெர் பூல் என்ற ஓவியர் அந்த இடிபாடுகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார்.

அதே ஊரவரான யொஹான்னஸ் வெர்மீர் 1660-61 அளவில் வரைந்த நகரக் காட்சியில் இடிபாடுகள் இல்லை. மேலே கருமேகம். அதன் நிழலில் கரையோர மதிலும் வாயில்களும் கபில நிறத்தில் மங்கியிருக்கின்றன. வெயிலோ அவற்றுக்குப் பின்னால், கூரைகளில் மஞ்சளாகவும் தேவாலயக் கோபுரத்தில் வெளிறிய பொன்னிறமாகவும் விழுகிறது. முன்புறம் இருண்டிருப்பதால்தான் அந்த ஒளி அவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது. நம் கண் நிழலைக் கடந்து ஊருக்குள் போகிறது.

எங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டால், நான் காட்டுவது ஷெல் விழுந்த சுவரின் படத்தைத்தான். முற்றத்தில் விழுந்த காலை வெயிலின் நிறத்தை யாருக்கும் சொன்னதில்லை. இடிபாட்டின் படம் நமக்குச் சாட்சி, அது வேண்டும். அந்த வெயிலையும் எங்காவது எழுதி வைக்க வேண்டும். நாம் இழந்தது வெறும் சுவரை அல்ல.