ஓவியத்தில் மறைந்த பெயர்

இரு காலங்களில் மாறிமாறி நடக்கும் புதினங்கள் உண்டு. ஜெஸ்ஸி பர்ட்டன் எழுதி 2016ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி மியூஸ்’ என்னும் ஆங்கிலப் புதினம் அவ்வகையைச் சார்ந்தது. டிரினிடாடிலிருந்து இலண்டனுக்கு வந்த ஓடெல், 1967இல் ஓர் ஓவிய நிறுவனத்தில் தட்டச்சராகச் சேர்கிறாள். அங்கே ஓர் இளைஞன், மறைந்த தன் தாயின் உடைமையான ஓவியம் ஒன்றைக் கொண்டுவருகிறான். அது ஐசக் ரோபிள்ஸ் என்னும் ஸ்பானிய ஓவியரின் படைப்பு என வல்லுநர்கள் மகிழ்கின்றனர்.

கதை 1936ஆம் ஆண்டின் தென் ஸ்பெயினுக்குத் திரும்புகிறது. அங்கே அவ்வோவியத்தை வரைபவள் ஆலிவ் என்னும் இளம்பெண்! அவளுடைய தந்தை ஓவிய வணிகர். பெண்கள் சிறந்த ஓவியராக இயலாது என எண்ணுபவர். ஓவியப் பள்ளியில் இடம் கிடைத்த கடிதத்தைக்கூட அவள் அவரிடம் காட்டவில்லை. ஐசக்கின் ஓவியம் இருக்க வேண்டிய இடத்தில், அவன் தங்கை தெரேசா ஆலிவின் ஓவியத்தை வைத்துவிடுகிறாள். தந்தை வியந்து போற்றுகிறார்; புகழ் ஐசக்கைச் சேர்கிறது. ஆலிவ் வாய் திறக்கவில்லை.

இவ்வுண்மை படிப்பவருக்குத் தெரியும். இலண்டன் வல்லுநர்களுக்குத் தெரியாது. ஆகவே, அவர்கள் ஐசக்கைப் பாராட்டுந்தோறும் ஆலிவின் பெயர் மீண்டும் ஒருமுறை அழிவதைப் படிப்பவர் உணர்கிறார். நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் கூறியிருந்தால் இந்த வலி பிறந்திராது. இலண்டன் பகுதியின் காதல் சற்று நீள்கிறது என்பது மெய்தான். ஆயினும், ஆலிவுக்கு என்ன நேர்ந்தது என்னும் அச்சம் பக்கங்களைப் புரட்டச் செய்கிறது. நிறுவனத்தில் ஓடெலின் மேலதிகாரியான குவிக் அம்மையார் மட்டும் அவ்வோவியத்தைக் கண்டு கலங்குகிறார். ஏன் என்பதை இங்கே கூறுதல் முறையன்று. விடையறிந்தபின் முதற்பக்கங்களுக்குத் திரும்பினால், அவர் கூறிய எளிய சொற்களும் வேறு பொருள் தரும்.