கறுக்காத ஜரிகை

ஆரணியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பாட்டியின் பட்டுப்புடவையில் ஜரிகை கறுத்துவிட்டது. கடையில் 'கறுக்கவே கறுக்காத நவீன ஜரிகை' என்று காட்டுகிறார்கள். வாங்கலாமா?"

விளம்பரம் இவ்வளவு உறுதியாகப் பேசினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அப்படி விற்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் ஜரிகை. பிளாஸ்டிக் படலத்தில் வெற்றிடத்துக்குள் அலுமினிய ஆவியைப் படியவைத்து, மஞ்சள் பூச்சு கொடுத்து, மெல்லிய நாடாவாக நறுக்கியது. சிப்ஸ் பாக்கெட்டின் உட்புறம் மினுங்குவதும் இதே வித்தைதான். இதில் நவீனம் எங்கே?

பாட்டியுடையது வேறு ரகம். சாயமேற்றிய பட்டிழைமேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, மேலே தங்கமுலாம் பூசியது. பெரும்பாலும் சூரத்தில் தயாராகித் தறிக்கு வரும். தங்கம் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. பாரத்தைச் சுமப்பது வெள்ளி.

அந்த வெள்ளியை முடியளவுக்கு இழுக்கிறார்கள், அறுந்துபோவதில்லை. அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதால் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். ஆனால் ஓர் அடுக்கு முழுவதும் ஒரே மூச்சில் நழுவுவதற்கான விசையைக் கணக்கிட்டால், உலோகம் இப்போது இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலுவாக இருந்தாக வேண்டும். 1934இல் ஓரோவான், போலானி, டெய்லர் என்ற மூன்று விஞ்ஞானிகள் தனித்தனியே இந்தப் புதிருக்கு விடை கண்டார்கள். வரலாறு இவ்வளவு போதும், விடையைப் பார்ப்போம்.

கல்யாண மண்டபத்தில் விரித்த நீள ஜமுக்காளத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டும். மொத்தமாக இழுக்க நாலு பேர் வேண்டும். ஓர் ஓரத்தில் சுருக்கம் எழுப்பி, அதை மறுமுனைவரை காலால் தள்ளிப் போனால் ஒரு பொடியன் போதும். வெள்ளிக்குள்ளும் அணு வரிசையின் பிசகு ஒன்று இப்படித்தான் ஊர்கிறது. நாலா பக்கமும் பொடியன்கள் கிளம்பினால் சுருக்கங்கள் முட்டிச் சிக்கிக்கொள்ளும். இழுக்க இழுக்கக் கம்பி விறைப்பது அதனால்தான். சூடேற்றினால் சிக்கு பிரியும், மறுபடி இழுக்கலாம். நடுவே கனத்த சம்பந்தி ஒருவர் உட்கார்ந்துவிட்டால்? அவர்தான் வெள்ளியோடு கலந்த செம்பணு. சுருக்கம் அவரைத் தாண்டத் திணறும், கம்பிக்கு உறுதி ஏறும். சாணுக்கொரு ஆணி அடித்த ஜமுக்காளம் என்றால் அது செராமிக், வைரம். சுருக்கம் எழாது, மிஞ்சி இழுத்தால் கிழியும். வெள்ளியை மெலிதாக இழுக்கும் கம்பியச்சின் துளையை வைரத்தில் அமைப்பது அந்தப் பிடிவாதத்துக்காகத்தான். பாலியெஸ்டரிலோ முழு ஜமுக்காளம் கிடையாது, பெரும்பாலும் நீள மூலக்கூறுகளின் நூல் குவியல். படலமாக்கும்போது இழுத்து நேராக்கிய அந்த நூல்கள் சூடு கண்டால் பழையபடி சுருளப் பார்க்கும்.

கேள்விக்கு வருவோம். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் முலாமின் நுண்துளை வழியாக வெள்ளியைத் தொடுவதால் கறுப்பு வருகிறது. பாலியெஸ்டர் கறுக்காது என்பது மெய். அதில் வெள்ளியே இல்லையே! விலை குறைவு, எடை குறைவு, தினசரி உடுத்தத் தோது. வெள்ளி ஜரிகையின் விலைக்கு விற்றால் மட்டும் வாங்காதீர்கள். பழைய வெள்ளி ஜரிகையை நிறுத்து எடுத்துக்கொள்ள ஆள் உண்டு, அலுமினியப் படலத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். சந்தேகமென்றால் முந்தானை ஓரத்தில் தொங்கும் பிசிறு ஒன்றைக் கொளுத்துங்கள். பாலியெஸ்டர் உருகிக் குண்டுமணியாகும். பட்டிழை மயிர் கருகும் நாற்றம் தந்து உலோக நாடாவை விட்டுவைக்கும். அந்த நாடா வெள்ளியா, வெள்ளிமுலாம் பூசிய செம்பா என்பதைத் தீ சொல்லாது. அதற்கு நகைக்கடையின் எக்ஸ்ரே கருவிதான் கதி.