ஒரு லைப்ரரி, ரெண்டு ஜார், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி

"என் மெஷின்ல ஓடுதே!" மென்பொருள் எழுதுகிற எல்லோரும் ஒரு தடவையாவது இதைச் சொல்லியிருப்போம். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நானும் சொன்னேன்.

டெஸ்ட் சர்வரில் ரெண்டு வாரம் சமத்தாக ஓடிய அப்ளிகேஷன். ப்ரொடக்‌ஷனில் ஏற்றினோம், நன்றாகத்தான் கிளம்பியது. ஒரு மணி நேரம் கழித்து யாரோ ரிப்போர்ட் பட்டனை அமுக்க, "நோ சச் மெத்தட் எரர்" என்று விழுந்தது. காரணம் கிடைக்கும்போது விடிகாலை நாலு மணி. லைப்ரரி ஃபோல்டரில் ஒரே லைப்ரரியின் பழைய ஜாரும் புது ஜாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

இதில் ஜாவாவின் தப்பு என்ன? கிளாஸ்பாத் என்பது வெறும் வரிசை. கேட்ட கிளாஸ் எந்த ஜாரில் முதலில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும், அடுத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டு "எல்லா ஜாரையும் எடுத்துக்கோ" என்று விட்டால், எந்த வரிசையில் எடுக்கும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. மெஷினுக்கு மெஷின் மாறலாம். டெஸ்டில் புது ஜார் முந்தியது, ப்ரொடக்‌ஷனில் பழையது முந்தியது. அவ்வளவுதான் கதை.

2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9 இதற்கு ஒரு ஒழுங்கு கொண்டுவந்தது. ஒவ்வொரு மாட்யூலும் தன் "மாட்யூல் இன்ஃபோ" கோப்பில் ரெண்டு விஷயம் எழுதிவைக்கிறது: எனக்கு யார் யார் வேண்டும் (ரிக்வயர்ஸ்), என்னிடமிருந்து எந்தப் பேக்கேஜை வெளியே தருவேன் (எக்ஸ்போர்ட்ஸ்).

கிளம்பும்போது ஜாவா என்ன செய்கிறது? உதாரணமாக நீங்கள் ஓட்டுவது "பில்லிங்" மாட்யூல் என்று வைத்துக்கொள்வோம். அதுதான் வேர். அது "வரி" வேண்டும் என்கிறது, வரியோ "பொது" வேண்டும் என்கிறது. இப்படி ஒவ்வொன்றாக மாட்யூல் பாத்தில் தேடி, புதிதாக யாரும் தேவையில்லை என்கிறவரை போய்க்கொண்டே இருக்கும். "ஜாவா பேஸ்" மாட்யூல் மட்டும் கேட்காமலே வந்துவிடும்.

வழியில் சில சோதனைகள் உண்டு. கேட்ட மாட்யூல் இல்லையா? நிறுத்து. 'அ'வுக்கு 'ஆ' வேண்டும், 'ஆ'வுக்கு 'அ' வேண்டும் என்று சுற்றுகிறதா? நிறுத்து. ஒரே பெயருள்ள பேக்கேஜை ரெண்டு மாட்யூல்கள் ஒரே மாட்யூலுக்குத் தருகின்றனவா? நிறுத்து. இவ்வளவும் மெயின் மெத்தடின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

பழைய ஜார்களில் மாட்யூல் இன்ஃபோ இருக்காதே என்று கேட்கலாம். அவற்றை மாட்யூல் பாத்தில் போட்டால் "ஆட்டோமேட்டிக் மாட்யூல்" ஆகிவிடும். மேனிஃபெஸ்டில் பெயர் கொடுத்திருந்தால் அது, இல்லையென்றால் கோப்பின் பெயரில் வெர்ஷன் எண்ணைக் கழித்தது மாட்யூலின் பெயர்.

அப்படியானால் அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் கிடைத்திருக்குமா? ரெண்டு ஜாரும் ஒரே ஃபோல்டரில் இருந்ததால், கிடைத்திருக்கும். "இந்த மாட்யூலுக்கு ரெண்டு வெர்ஷன் இருக்கு" என்று சொல்லி, கிளம்பவே மறுத்திருக்கும். ஆனால் தனித்தனி ஃபோல்டரில் இருந்திருந்தால் கதை வேறு. மாட்யூல் பாத்தில் முதலில் வரும் ஃபோல்டர்தான் ஜெயிக்கும், சத்தமே இல்லாமல். எந்த வெர்ஷன் சரி என்று தீர்மானிப்பது மாட்யூல் சிஸ்டத்தின் வேலையே இல்லை. அது மேவன், கிரேடில் பார்க்கவேண்டிய வேலை.

அதனால் ரெண்டு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். ரிலீஸுக்கு முன் மேவனில் டிபெண்டன்சி ட்ரீயை ஒரு தடவை கண்ணால் பார்ப்பது. ஜாவாவை "ஷோ மாட்யூல் ரெசல்யூஷன்" ஆப்ஷனோடு ஒரு தடவை ஓட்டி, எந்த மாட்யூல் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று சரிபார்ப்பது. மொத்தம் பத்து நிமிஷம்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ் பண்ணாதீர்கள்!