ஷாஃப்ட் மேல பழி போடாதீங்க பாஸ்!

‘டக்... டக்... டக்...’

காலேஜ் பார்க்கிங்ல ஒரு கார் ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுத் திரும்பும்போது, முன் சக்கரத்திலேர்ந்து இப்படி ஒரு தாளம் கேட்டிருக்கீங்களா? எல்லா காலேஜ்லயும் அப்படி ஒரு கார், அதுக்கு ஒரு சீனியர் ஓனர் இருப்பார். செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக். ஸ்பிரிங்கை அறுத்து தரையோடு தரையா இறக்கியிருப்பார். அகலமான டயர், பளபள அலாய் வீல்... செம கெத்து! ஆனா, ஒரே வருஷத்துல மூணாவது டிரைவ் ஷாஃப்ட். ‘‘டூப்ளிகேட் பார்ட்டை தலையில கட்டிட்டாங்க மச்சி!’’னு புலம்பல் வேற.

டூப்ளிகேட் பார்ட்டும் ஊர்ல உண்டுதான். ஆனா, ஒரே பார்ட் திரும்பத் திரும்ப புட்டுக்குதுன்னா, பெரும்பாலும் அது குற்றவாளி இல்லை... அடி வாங்குற அப்பாவி!

அது என்ன ஷாஃப்ட்?

முன் சக்கரத்தால் ஓடும் கார்களில், கியர்பாக்ஸிலிருந்து வலது, இடது சக்கரங்களுக்கு ஆளுக்கொரு இரும்புத் தண்டு போகும். அதுதான் டிரைவ் ஷாஃப்ட். சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும், ஸ்டீயரிங்கோடு திரும்பவும் செய்யும். அத்தனை ஆட்டத்திலும் சுழற்சி ஒரே சீராகப் போகணும். லாரிக்கு அடியில பார்ப்போமே யுனிவர்சல் ஜாயின்ட்... அதை ஒண்ணு மட்டும் சாய்வா மாட்டினா, ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். வண்டி உதறும். இதுக்கு ஆறு இரும்பு உருண்டைகளை வெச்சுத் தீர்வு கண்டவர் ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற எஞ்சினீயர். காலம், 1920-கள். இன்னிக்கு சக்கரத்துப் பக்கம் இருக்கிற சி.வி. ஜாயின்ட் அந்த வம்சம்தான். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற உள் ஜாயின்ட், ஷாஃப்ட் கொஞ்சம் உள்ளே வெளியே நகர இடம் கொடுக்கும்.

இறக்கினா இறங்குமா?

கம்பெனிக்காரங்க காரோட உயரத்தை முடிவு பண்ணும்போதே ஷாஃப்ட் எவ்வளவு சாயலாம்னு கணக்குப் போட்டிருப்பாங்க. ஸ்பிரிங்கை அறுத்ததும் அந்தக் கணக்கு காலி. உருண்டைகள் ஓடும் இடம் மாறும், சூடும் தேய்மானமும் கூடும். உள் ஜாயின்ட்டில் நகர இடம் குறைஞ்சு, பள்ளத்துல விழும்போது ‘ணங்’னு முட்டவும் வாய்ப்பிருக்கு. மேலே இருக்கிற ரப்பர் பூட் கிழிஞ்சா முடிஞ்சது கதை. கிரீஸ் வெளியே, மணல் உள்ளே! காரை ரொம்ப உயர்த்தினாலும் கோணம் கெடும்.

அடுத்தது டயர். எஞ்சின் கொடுக்கிறது 100 நியூட்டன் மீட்டர் டார்க்னு வெச்சுக்குங்க. முதல் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து அதை 14 மடங்காக்கினா, மொத்தம் 1,400. ஒரு ஷாஃப்ட்டுக்கு 700! இந்த நிலைமையில கிளட்சை ‘படக்’னு விட்டா, அதிர்ச்சி இன்னும் எகிறும். பழைய டயர் அப்போ கொஞ்சம் வழுக்கி ஷாஃப்ட்டைக் காப்பாத்திடும், வீட்டு ஃபியூஸ் மாதிரி. நல்லா பிடிக்கிற அகல டயர் வழுக்காது. அடி மொத்தமும் ஷாஃப்ட்டுக்குத்தான்.

‘அப்போ ஸ்ட்ராங்கான ஷாஃப்ட் போட்டா?’ பாஜா போட்டிக்கு வண்டி கட்டுற மெக்கானிக்கல் பசங்களைக் கேளுங்க. நாலு மணி நேர எண்டியூரன்ஸ் ரேஸ்ல பலவீனமான இடம்தான் முதல்ல உடையும். அதை மட்டும் பலப்படுத்தினா, உடையுற இடம் கியர்பாக்ஸுக்கு நகரும். செலவும்தான்!

சத்தத்தை வெச்சே கண்டுபிடிங்க

* முழுசா ஒடிச்சுத் திருப்பும்போது ‘டக் டக்’: வெளி ஜாயின்ட்.

* நேர் ரோட்டுல ஆக்சிலரேட்டரை மிதிச்சா உதறல், காலை எடுத்தா நின்னுடுது: உள் ஜாயின்ட்.

* சக்கரத்துக்கு உட்புறம் கிரீஸ் தெறிச்சிருக்கு: பூட் கிழிஞ்சிருக்கு. சத்தம் வர்றதுக்கு முன்னாடி பார்த்தா, பூட், கிரீஸ் செலவோட தப்பிக்கலாம்.

* புது ஷாஃப்ட்டும் சீக்கிரமே போகுது: எஞ்சின் மவுன்ட்டையும் காரோட உயரத்தையும் பாருங்க. மவுன்ட் செத்துப்போனா எஞ்சின் ஆடும், ஷாஃப்ட் இழுபடும்.

முறிஞ்ச ஷாஃப்ட்டை வெல்டிங் வெச்சு ஓட்டுற ஐடியா மட்டும் வேண்டவே வேண்டாம். சூடுபடுத்தி பதப்படுத்தின இரும்பு அது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போயிடும்.

இது வெறும் காசு விஷயம் இல்லை. மலைப் பாதையில ஏறும்போது ஒரு பக்க ஷாஃப்ட் முறிஞ்சாலே, சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள காரில் இன்னொரு சக்கரமும் இழுக்காது. எஞ்சின் கத்தும், கார் பின்னால உருளும். பிரேக்தான் கைகொடுக்கணும். கியர்ல போட்டு நிறுத்தினாலும் நிக்காது. பின்னாடி சீட்ல நாலு ஃப்ரெண்ட்ஸ் உட்கார்ந்திருக்கும்போது இதை யோசிச்சுப் பாருங்க.

சட்டமும் சும்மா இல்லை. கம்பெனி கொடுத்த ஒரிஜினல் அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில சொல்லிடுச்சு. அதே வருஷம் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

அதனால, நாலாவது ஷாஃப்ட்டுக்கு அப்பாகிட்ட அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடி, அறுத்த ஸ்பிரிங்குக்குப் பதிலா ஒரிஜினல் ஸ்பிரிங்கை மாட்டிப் பாருங்க. கெத்து ரெண்டு இன்ச் உயரும். ஷாஃப்ட்டோட ஆயுசும் கூடும்!