புதிய படகா, பழைய படகா? முன்பணம் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோர வட்டாரங்களில் கொஞ்சம் நிலமும் ஒரு படகும் சேர்ந்து சோறு போடும் குடும்பங்கள் உண்டு. துடுப்பு வள்ளத்தில் போய் வந்தவர்கள் நாலு காசு சேர்ந்ததும் எஞ்சின் பூட்டிய பைபர் படகுக்கு மாற நினைக்கிறார்கள். சிறிய படகு வைத்திருப்பவர்கள் சற்றுப் பெரியதை நாடுகிறார்கள். அப்போது எழும் கேள்வி, புதியது வாங்குவதா, ஒருவர் ஓட்டிய பழையதை வாங்குவதா என்பதே.

உழவு மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், ஏரில் பூட்டியும் பார்க்கிறார். படகு விஷயத்திலோ புது வர்ணத்தின் பளபளப்பைக் கண்டே பலர் முன்பணம் கொடுத்து விடுகின்றனர். பம்புசெட் நின்றால் ஒரு நாள் பாசனம் கெடும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் உயிருக்கே ஆபத்து.

படகு வேறு, எஞ்சின் வேறு

பழைய படகை எஞ்சினோடு சேர்த்து ஒரே விலை பேசுவது வழக்கம். இது தவறு. நன்கு கட்டிய பைபர் படகு பல ஆண்டுகள் உழைக்கும். சேதமானால் ஒட்டிச் சரி செய்யலாம். உப்பு நீரில் ஓடும் எஞ்சினோ விரைவில் தேயும். ஆகவே இரண்டையும் தனித்தனியே சோதித்து, தனித்தனியே விலை பேச வேண்டும்.

உதாரணக் கணக்கு

கையிருப்பு ரூ.1,50,000, மீதி 12 சதவீத வட்டிக்குக் கடன் என்று வைத்துக் கொள்வோம்.

1. புதிய படகும் புதிய எஞ்சினும் ரூ.4,00,000. கடன் ரூ.2,50,000, முதல் ஆண்டு வட்டி ரூ.30,000. ஆக ரூ.4,30,000.

2. எஞ்சினோடு பழைய படகு ரூ.1,80,000; பழுது பார்க்க ரூ.40,000, கடன் ரூ.70,000-க்கு வட்டி ரூ.8,400. எஞ்சின் கோளாறால் 20 நாள் தொழில் கெட்டால், நாளைக்கு ரூ.1,500 வீதம் ரூ.30,000 நஷ்டம். ஆக ரூ.2,58,400.

3. பழைய படகு மட்டும் ரூ.90,000; பழுது ரூ.20,000, புதிய எஞ்சின் ரூ.1,60,000, கடன் ரூ.1,20,000-க்கு வட்டி ரூ.14,400. ஆக ரூ.2,84,400.

இரண்டாவது வழிக்கும் மூன்றாவது வழிக்கும் வித்தியாசம் ரூ.26,000 மட்டுமே. ஆண்டு முடிவில் மூன்றாம் வழிக்காரரிடம் ஒரே ஆண்டு ஓடிய எஞ்சின் இருக்கும். இரண்டாம் வழிக்காரர் இனிமேல்தான் எஞ்சின் வாங்க வேண்டியிருக்கும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

மானியம் கிடைத்தால் கணக்கு மாறும். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவர்களின் மாற்றுப் படகு, வலைக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மகளிருக்கு 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. 40 சதவீதம் கிடைத்தால் ரூ.4,00,000 படகு ரூ.2,40,000-க்கு வந்து விடும். அப்போது புதியதே மலிவு. எனவே முன்பணம் கொடுக்கும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிப்பது அவசியம். முதலில் விண்ணப்பித்து, அனுமதி வந்த பின் வாங்குவதே முறை.

படகைச் சோதிக்கும் விதம்

* படகைக் கரையேற்றிக் காயவிட்டு, கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மணலில் இழுத்து இழுத்து அடிப்பாகம் தேய்ந்து நார் வெளியே தெரிந்தால் விலையைக் குறைக்க வேண்டும்.

* ஒரு நாணயத்தால் அடிப்பாகம் முழுவதும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்கும் இடத்தில் உள்ளடுக்குகள் விட்டுப் போயிருக்கும்.

* எஞ்சின் மாட்டும் பின்பலகை மிக முக்கியம். போல்ட் துளை வழியே நீர் இறங்கி உள்ளிருக்கும் மரம் உளுத்துப் போகும். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பலகையும் சேர்ந்து வளைகிறதா? வளைந்தால் அந்தப் படகு வேண்டாம்.

* மிதப்பதற்காக அடைத்த நுரைப் பொருள் நீர் ஊறியிருந்தால் படகு கனக்கும். கரையேற்ற வழக்கத்தை விட அதிக ஆள் தேவைப்பட்டால் சந்தேகப்பட வேண்டும்.

* 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் குறுகிய காலத்தில் ஏராளமான பைபர் படகுகள் கட்டப்பட்டன. அவசரத்தில் கட்டியவற்றில் தரக்குறைவானவையும் உண்டு. எந்த ஆண்டில் கட்டியது என்று கேட்டறியுங்கள்.

பழைய எஞ்சின்தான் என்றால்

கையில் பணம் போதாமல் பழைய எஞ்சினையே வாங்க நேர்ந்தால், நம்பகமான மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். நீங்கள் போகும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் குறையை மறைக்கிறார்கள் என்று பொருள். குளிர்விக்கும் நீர் தடையின்றிப் பீய்ச்ச வேண்டும். கியர் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் கம்ப்ரஷன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கடலில் மூழ்கி எடுத்த எஞ்சினா என்பதைக் கரையில் நாலு பேரிடம் கேளுங்கள். கடைசியாக, வலையும் ஆளும் ஏற்றி ஒரு மணி நேரமாவது கடலில் ஓட்டிப் பாருங்கள்.

காகிதங்களும் கடனும்

தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 1983-ன்படி மீன்பிடி படகுகளுக்குப் பதிவு தேவை. பதிவு எண்ணும் எஞ்சின் எண்ணும் சான்றிதழோடு ஒத்துள்ளனவா, படகின் பேரில் கடன் பாக்கி உண்டா என்று பார்த்து, உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே முழுத் தொகையும் கொடுங்கள்.

கிசான் கடன் அட்டை 2018-19-ல் மீன்பிடித் தொழிலுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் அது எரிபொருள், ஐஸ், கூலி போன்ற நடைமுறைச் செலவுகளுக்கானது. படகு வாங்க அதை நம்பக் கூடாது. அதேபோல் நிலப் பத்திரத்தை அடகு வைத்துப் படகு வாங்குவதும் கூடாது. மீன் பாடு இல்லாத மாதங்களில் அடுப்பெரிய வைப்பது அந்த நிலம்தான்.

மானியம் இருந்தால் புதியது வாங்குங்கள். இல்லையெனில் சோதித்துப் பார்த்த பழைய படகில் புதிய எஞ்சினைப் பூட்டுங்கள். எதுவானாலும் ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவி விடுங்கள். உயிர் காக்கும் மிதவைச் சட்டைகளையும் ஒரு ஜோடித் துடுப்பையும் படகிலேயே வைத்திருங்கள்.