கவுண்டர்-ஸ்ட்ரைக்: பணப்பையில் நடக்கும் போர்

கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆட வருபவர்கள் முதலில் குறி பார்த்துச் சுடத்தான் பழகுகிறார்கள். அது தேவைதான். ஆனால் கை தேர்ந்த ஐந்து பேர் சேர்ந்தும் அணி தோற்றுக்கொண்டே இருக்கிறதென்றால், அவர்கள் பணத்தைச் செலவழிக்கும் விதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஹாஃப்-லைஃப் விளையாட்டை மாற்றியமைத்து மின் லே, ஜெஸ் கிளிஃப் இருவரும் 1999இல் உருவாக்கியது இது. வால்வ் நிறுவனம் 2000இல் அதைத் தனி விளையாட்டாக வெளியிட்டது. இப்போது ஆடப்படுவது 2023இல் வந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் 2. ஒரு தரப்பு குண்டு வைக்கும், மறு தரப்பு தடுக்கும். முதலில் 13 சுற்றுகளை வெல்லும் அணி ஜெயிக்கும்.

முதல் சுற்றில் ஆளுக்கு 800 டாலர்தான். கைத்துப்பாக்கியோடு சமாளிக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பணம் வரும். தோற்றவருக்கும் ஆறுதல் தொகை உண்டு: 1400இல் தொடங்கி, தொடர்ந்து தோற்கத் தோற்க 3400 வரை ஏறும். உயிரோடு இருப்பவரின் துப்பாக்கி அடுத்த சுற்றுக்கும் அவரிடமே இருக்கும்; செத்தவர் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும்.

இங்கேதான் கணக்கு தொடங்குகிறது. தாக்கும் தரப்பில் உங்கள் கையில் 2000 இருக்கிறது. ஏகே-47 விலை 2700, கவசமும் தலைக்கவசமும் 1000. இருப்பதை அரைகுறையாகச் செலவழித்துத் தோற்றால், அடுத்த சுற்றிலும் அரைகுறைதான். எதுவும் வாங்காமல் தோற்றால், ஆறுதல் தொகை 1900 சேர்ந்து 3900 ஆகும். அப்போது துப்பாக்கியும் கவசமும் வாங்கி, மிச்சத்தில் ஒரு ஃபிளாஷ் குண்டும் வாங்கலாம். இப்படிச் சேமிக்கும் சுற்றை ஆட்டக்காரர்கள் 'ஈக்கோ' சுற்று என்பார்கள். ஐவரும் சேர்ந்து சேமித்தால்தான் பலன். இருவர் மட்டும் அவசரப்பட்டு வாங்கினால், அந்தத் துப்பாக்கிகள் எதிரியின் கைக்குத்தான் போகும்.

தடுக்கும் தரப்பில் இருவரே மிஞ்சி, குண்டும் வைக்கப்பட்டு, எதிரே ஐந்து பேர் நிற்கும்போது 4750 டாலர் விலையுள்ள ஏடபிள்யூபி துப்பாக்கியோடு ஒதுங்கி உயிர் தப்புவதைப் புதியவர்கள் கோழைத்தனம் என்பார்கள். எனக்கு அது முதிர்ந்த ஆட்டமாகவே தெரிகிறது. தாக்கும் தரப்புக்கு மட்டும் இதில் ஒரு கண்ணி உண்டு. குண்டு வைக்காமலே நேரம் தீர்ந்துபோனால், உயிரோடு மிஞ்சியவருக்கு அந்த ஆறுதல் தொகை கிடைக்காது.

எதிரியின் பணத்தையும் மனதில் கணக்குப் போடுங்கள். அவர்கள் இரண்டு சுற்று தொடர்ந்து தோற்றுக் கவசமின்றி வந்தால், விலை குறைந்த சப்மெஷின் துப்பாக்கியே போதும். அதில் ஆளை வீழ்த்தினால் பரிசுப் பணமும் பெரும்பாலும் அதிகம். வாங்கும் நேரத்தில் தோழர்களின் இருப்பு திரையிலேயே தெரியும். மிகுதியாக வைத்திருப்பவர், இல்லாதவருக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கீழே போட்டுவிட்டுத் தன் பங்கை வாங்கட்டும்.