காலம் வகுத்துக் கற்றல்

தொலைநிலைக் கல்வியில் மணி அடிப்பாரும் இல்லை. வருகை குறிப்பாரும் இல்லை. ஆதலின் காலத்தை வகுத்துக்கொள்ளுதல் மாணவர்தம் கடமையாகின்றது.

சென்னையின் மேற்கே உள்ள நூம்பலில் வாழும் ஒருவர், பகலில் தொழில் புரிந்து இரவில் கலை வரலாறு பயில்வதாகக் கொள்வோம். 1985ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஒரு மதிப்பலகுக்கு 30 மணி நேர உழைப்பு வேண்டும் எனக் கணக்கிடுகின்றது. எனவே, நான்கு மதிப்பலகுடைய பாடத்திற்கு 120 மணி தேவை. வாரத்திற்கு 6 மணி உழைப்பின் 20 வாரங்களில் அது நிறைவுறும். தேர்வுக்கு முந்திய 20 நாள்களில் முடிக்க முயல்வார்க்கோ நாள்தோறும் 6 மணி வேண்டும். உழைத்துக் களைத்தவர்க்கு அஃது இயலுமா?

மேலும், கலை வரலாற்றிற்குப் படித்தல் மட்டும் போதாது, பார்த்தலும் வேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஒரு மணி படிக்கலாம். ஞாயிறன்று இரண்டு மணி, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் காணலாம். வெள்ளிக்கிழமை அங்கு விடுமுறை என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தேர்களுக்கு ஒரு முழுநாளை ஒதுக்குதல் நன்று. கண்டவற்றை அன்றிரவே எழுதிவைத்தால் அவை நெஞ்சில் நிலைக்கும்.

நோயாலும் பணியாலும் சில நாள்கள் தவறுதல் இயல்பே. அவற்றிற்கு ஈடாக இரண்டு வாரங்களை முன்னரே ஒதுக்கிவைப்பவர் இடையில் சோர்ந்து கல்வியைக் கைவிடார்.